பதினொரு பவுண்டு

சின்னக் காரில் ட்ரெய்லர் இழுக்க முடியாது என்று சொல்பவர்கள் எல்லாம் பெரிய கார் வைத்திருப்பவர்கள். நான் இருபத்தாறு வருடம் இழுத்திருக்கிறேன். நாலு சிலிண்டர் கார், பின்னால் பதின்மூன்று அடி வீட்டு ட்ரெய்லர், உள்ளேயே படுக்கை, மேசை. காஸ்பே முனை வரைக்கும் போயிருக்கிறேன், நியூ பிரன்ஸ்விக் கடற்கரை வரைக்கும் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட வண்டி என் பேச்சைக் கேட்காமல் போனதில்லை. ஏற்றத்தில் கொஞ்சம் முனகும். முனகட்டும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அடித்துவிட்டுப் போகட்டும்.

உட்காருங்கள், நொயெமி. காபி சூடாக இருக்கிறது, பால் உங்கள் பக்கம். இன்றைக்கு அந்த எழுத்து அட்டையைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். ஓதெத்தின் சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து மேசைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன், அவளும் கேட்கட்டும். அவளுக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வாய்தான் வரவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பது உங்கள் தொழில். நான் வீடுகளுக்குப் பிளாஸ்டர் பலகை அடித்துப் பிழைத்த ஆள். உங்கள் தொழிலில் நான் தலையிடுவதில்லை.

ஐந்து வாரமாக என் மனைவி அந்த அட்டையில் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களுக்குப் போகிறாள். இடது ஆள்காட்டி விரலால் ஒன்றைத் தொடுகிறாள். விரலை எடுத்து மறுபடியும் ஒன்றையே தொடுகிறாள். பதினொன்று என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பதினொரு மணிக்கு என்ன என்று கேட்டீர்கள். மாத்திரை என்றேன். மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்த்தோம், விரல் நிற்கவில்லை. பதினொன்றாம் மாதத்தில் யாராவது தவறினார்களா, பழைய வீட்டின் கதவு எண்ணா என்றெல்லாம் கேட்டீர்கள். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கிளம்பும்போது, கண் அசைவை வைத்தே வார்த்தைகளைப் பேசுகிற கருவி ஒன்று வரப்போகிறது, இலையுதிர் காலத்துக்குள் ஓதெத் முழு வாக்கியமே சொல்லிவிடுவாள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து யோசித்தேன். ஓதெத் எந்தக் கதையையும் ஒழுங்காகச் சொன்னவள் இல்லை. முதலைச் சொல்வாள், முடிவைச் சொல்வாள், நடுவில் இருப்பதை முழுங்கிவிடுவாள். கேட்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பதினொன்று, பவுண்டுக் கணக்கு.

ட்ரெய்லரைப் பற்றித் தெரிந்தால்தான் இது புரியும். எங்களுடையது ஃபைபரில் செய்தது, எழுபத்து மூன்றில் வந்தது, வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். முட்டை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஜூலைக் கடைசியில் கட்டுமான வேலைக்காரர்களுக்கு இரண்டு வாரம் லீவு விடுவார்கள், உங்களுக்குத் தெரியும், கியூபெக்கே சாலையில்தான் இருக்கும். நாங்கள் வருடம் தவறாமல் ஒரே ஏரிக்கரை முகாமுக்குப் போவோம். அங்கே எங்களைப் போல முட்டை வைத்திருக்கிற குடும்பம் பதினைந்து, இருபது இருக்கும். எல்லாரிடமும் சின்னக் கார்தான்.

சின்னக் காருக்கு ஒரு வியாதி உண்டு. ட்ரெய்லரின் மூக்கைக் கொக்கியில் மாட்டியதும் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்காது. "என்ன வாத்தியாரே, காரு வானத்தப் பாக்குது, பறக்கப் போறியா?" என்று பக்கத்து இடத்துக்காரன் ஈவோன் வருடத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கேட்பான். நான் கண்டுகொள்ள மாட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கேலி பொறுக்காது. கனமான சாமானையெல்லாம் ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். மூக்கு லேசாகிவிடும், கார் மட்டமாக நிற்கும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். சின்னக் கார்க்காரன் மட்டுமே செய்கிற முட்டாள்தனம் இது. பெரிய கார் உட்காராது, அதனால் பெரிய கார்க்காரனுக்கு இந்த யோசனையே வராது.

மூக்கில் பாரம் இருந்தே ஆக வேண்டும். ஆயிரம் பவுண்டு ட்ரெய்லர் என்றால் கொக்கியின்மேல் நூறு, நூற்றிருபது பவுண்டாவது அழுத்த வேண்டும். அந்த அழுத்தம்தான் அதை நேராகப் பிடித்து வைக்கிறது. பாரம் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டால், ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நாற்பதில் தெரியாது, அறுபதில் தெரியாது. தொண்ணூறில், இறக்கத்தில், பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனால் போதும், வால் ஆட ஆரம்பிக்கும். ஒரு ஆட்டத்தைவிட அடுத்த ஆட்டம் பெரிதாக வரும். நாலாவது ஆட்டத்தில் காரை ஓட்டுவது நீங்கள் இல்லை, ட்ரெய்லர். அதை அடக்கிப் பிடிக்கச் சின்னக் காருக்கு உடம்பு போதாது.

இதற்காக எங்கள் முகாமில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஆரம்பித்தது நான். கிளம்புகிற அன்று காலையில், குளியலறையில் ஏறி நின்று எடை பார்ப்போமே, அந்த மிஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை அந்தக் கட்டைமேல் இறக்குவோம். நான் குனிந்து முள்ளைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் கூரையில் ஒரு தட்டு தட்டுவேன், போகலாம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் பீர்ப் பெட்டியை முன்னால் தள்ளு, தண்ணீரைக் கொட்டு என்று சொல்வேன். முள் எந்த எண்ணைக் காட்டியது என்று மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அவரவரே பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் வாத்தியார் எதற்கு? அந்தப் பட்டம் எனக்கு இப்படித்தான் வந்தது. இருபத்தாறு வருடத்தில் எங்கள் முகாமிலிருந்து கிளம்பிய ஒரு முட்டைகூடச் சாலையில் கவிழ்ந்ததில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஓதெத் இதில் எதையும் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை என்று ஈவோனின் மனைவி மரியெத் சொல்வாள். அது அவளுடைய பார்வை. ஒரு தடவை விட்டேன். முகாமில் எங்கள் இடத்துக்குள் பின்னோக்கி எடுத்து நிறுத்து பார்க்கலாம் என்று ஸ்டீயரிங்கை அவளிடம் கொடுத்தேன். ட்ரெய்லரோடு பின்னோக்கிப் போகும்போது எல்லாம் தலைகீழ். இடது பக்கம் போக வலது பக்கம் திருப்ப வேண்டும். அவள் காரையும் ட்ரெய்லரையும் கத்தரிக்கோல் மாதிரி மடக்கி, ஈவோன் சோளம் வேகவைத்துக்கொண்டிருந்த பெரிய பானையைக் கவிழ்த்துவிட்டாள். முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு லீவு முடிகிற அன்று நடக்கும் சோள விருந்தில் அதை நடித்துக் காட்டுவேன், அவள் முகம் போன போக்கையும் சேர்த்து. கேட்டுக் கேட்டு நடிக்க வைப்பார்கள். ஒன்பது வருடம் நடித்தேன். ஒன்பதாவது வருடம் நடுவில் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். வேடிக்கையைத் தாங்கத் தெரியாத ஆளோடு குடும்பம் நடத்துவது லேசில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வசந்தத்தில், காலையில் நான் பழைய சகாக்களோடு காபி குடிக்கப் போகிற நேரத்தில், அவளும் மரியெத்தும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் முட்டையை இழுத்துப் பழகியிருக்கிறார்கள். ஈவோன் வீடு இங்கிருந்து இரண்டு தெருதான். ஆறு வாரம் நடந்திருக்கிறது. முன்னால் போகவும், பின்னால் எடுக்கவும், வளைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதைவிட ஊரார் மனைவியிடம் கற்றுக்கொள்வது அவளுக்கு மேலாகப் பட்டிருக்கிறது.

ஜூன் மாதம் ஒருநாள், கைமாவும் சோளமும் உருளைக்கிழங்குமாக அடுக்கிச் செய்வாளே, அதைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"லீவுக்கு நான் முகாமுக்கு வரல. வடக்க செத்-தீல் ஊர்ல என் அக்கா கிஸ்லேன்கிட்டப் போறேன். ரெண்டு வாரம். முட்டைய நானே இழுத்துட்டுப் போறேன்."

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தாள்.  நான் கத்துகிற ஆள் இல்லை. சரி, போய்விட்டு வா என்றேன். கார் அவள் பெயரில் இருந்தது, முட்டை என் பெயரில். அதை மட்டும் ஞாபகப்படுத்தினேன். பழுதில்லாமல் திரும்பி வர வேண்டும் என்றேன்.  உப்பு வேண்டுமா என்று கேட்டாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் பிற்பகல் முடி வெட்டிக்கொள்ளப் போனாள். நான் முட்டைக்குள் ஏறிப் பார்த்தேன். டயரைப் பார்க்க வேண்டும், விளக்கைப் பார்க்க வேண்டும், உள்ளே ஏற்றியதையும் பார்க்க வேண்டும். எப்போதும் செய்கிற வேலைதான். முன்பக்கத்து இருக்கைப் பெட்டியைத் திறந்தேன். அவளுடைய அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. இரும்பு மிஷின், அந்தக் காலத்துச் சாமான், இரண்டு பேர் தூக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஊறுகாய் போடுகிற பெரிய பானை. அதற்குள் பழந்துணியில் சுற்றி அவளுடைய பனிக்கால பூட்ஸ். மேலே கம்பளிக் கோட்டு.

ஜூலை மாதம், நொயெமி. இரண்டு வாரத்துக்கு.

வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கல்யாண ஆல்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத்தான் விட்டுவிட்டுப் போகிறாள் என்று புரிந்தது.  அழுதேனா என்று கேட்பீர்கள். இல்லை. எனக்கு வந்தது வேறு ஒன்று. மரியெத்துக்குத் தெரியும். மரியெத்துக்குத் தெரிந்தால் ஈவோனுக்குத் தெரியும். ஈவோனுக்குத் தெரிந்தால் முகாமில் இருபது குடும்பத்துக்கும் தெரியும். வாத்தியார் பெண்டாட்டி வாத்தியாரின் முட்டையையே இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சோள விருந்தில் யாராவது நடித்துக் காட்டுவார்கள். என் முகம் போன போக்கையும் சேர்த்து.  

பிறகு வெளியே வந்து, எடை மிஷினை எடுத்து, கட்டையை நிறுத்தி, முட்டையின் மூக்கை இறக்கிப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. பாரத்தையெல்லாம் முன்னால் வைத்திருந்தாள், இரண்டு பக்கமும் சமமாக, குலுங்காதபடி இடையில் போர்வை செருகி. நானே ஏற்றியிருந்தாலும் அதைவிடச் சரியாக வந்திருக்காது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை, ஓதெத். நூற்றுப் பதினெட்டு. ரொம்ப நன்றாக ஏற்றியிருந்தாய்.

தையல் மிஷினை நான் ஒருத்தனாகத் தூக்கினேன். முதுகு இரண்டு நாள் வலித்தது. அதைப் பின்பக்கக் கடைசிக்கு, மேசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். பானையையும் அங்கே வைத்தேன். தண்ணீர்க் கேன்கள் இரண்டை நிரப்பிப் பின்னால் வைத்தேன். பூட்ஸையும் கோட்டையும் மட்டும் முன்னாலேயே விட்டேன், அவை லேசானவை. அவசரம் இல்லாமல் செய்தேன். ஒன்றை நகர்த்துவது, இறங்கிவந்து முள்ளைப் பார்ப்பது, மறுபடி ஏறுவது. எண்பது, ஐம்பது, முப்பது என்று இறங்கியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அதற்கும் கீழே போனால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், மாட்டும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மிஷின் ஏன் பின்னால போச்சு?"

"முன்னால இருந்தா காரு உக்காந்துடும்."

"கனமெல்லாம் முன்னாலதான் இருக்கணும்னு மரியெத் சொன்னாளே."

"மரியெத்தோட காரு பெருசு, ஓதெத். சின்னக் காருக்குக் கணக்கே வேற."

மரியெத்தின் கார் ஒரு சுற்றுதான் பெரிது, எல்லாருடையதையும் போல அதுவும் சின்னக் கார்தான். ஆனால் ஓதெத் அதற்குமேல் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் நான் சொன்னதைக் கேட்டுப் பழகியவள். பழக்கம் என்பது ஆறு வாரத்தில் போகாது. எடை மிஷினை நான் கீழே வைத்ததும், இன்றைக்கு நானே படிக்கிறேன் என்று முன்னால் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரளைக் கல்லில் முட்டி போட்டு, முள்ளுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். புதிதாக வெட்டிய முடி, கழுத்து தெரிந்தது.

"பதினொண்ணு," என்றாள். "பதினொண்ணு காட்டுது, ரொசேர். சரியா?"

"சரிதான்."

"பதினொண்ணு. இனிமே ஞாபகம் இருக்கும்."

எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தாள். ஒருவருக்கும் சொல்லாத எண்ணை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். ஆகவே, இந்த ஐந்து வாரமாக அவள் அட்டையைத் தொடுவது என்னைக் காட்டிக்கொடுப்பதற்கா, அல்லது நான் சொல்லிக்கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை என்று காட்டுவதற்கா, எனக்குத் தெரியாது. நேற்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

காரில் மாட்டினோம். கார் அசையவே இல்லை, கண்ணாடிப் பலகையில் வைத்ததுபோல மட்டமாக நின்றது. அந்த நேரம் பார்த்து ஈவோன் நாயோடு வந்தான். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

"அடேங்கப்பா. வாத்தியாரே, இருவத்தாறு வருஷத்துல உன் காரு இவ்ளோ நேரா நின்னு நான் பாத்ததில்ல. உன்னவிட உன் பொண்டாட்டி நல்லா ஏத்தியிருக்கா."

ஓதெத் சிரித்தாள். மிஷினைப் பின்னால் வைத்தது ரொசேர் என்று சொல்ல வாயெடுத்தாளோ என்னவோ, அதற்குள் நான் வரைபடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஆற்றின் தென்கரை வழியாகப் போய், அங்கிருந்து கார் ஏற்றுகிற படகில், அக்கா ஊர் இருக்கிற வடகரைக்குக் கடப்பதாகத் திட்டம். தென்கரைச் சாலை மட்டமானது, படகில் ஏறினால் ஷார்ல்வுவா மலை இறக்கங்கள் எல்லாம் தப்பிவிடும். நல்ல திட்டம். லீவுக் கூட்டத்தில் படகுக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், மலைச்சாலையிலேயே போ, காட்சியும் நன்றாக இருக்கும் என்றேன். ஈவோனும் ஆமாம் ஆமாம் என்றான். வால் ஆடினால் என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்டாள். ஆடாது என்றேன். கூரையில் ஒரு தட்டு தட்டினேன்.

மலை இறக்கத்தில் நடந்ததைப் பின்னால் வந்த லாரிக்காரர் போலீஸிடம் சொன்னார். முதலில் முட்டையின் வால் லேசாக ஆடியது, காற்று என்று நினைத்தாராம். அந்தப் பெண் பிரேக் போட்டார், ஆட்டம் பெரிதாகியது. ஐந்து நொடிகூட இருக்காது, கார் குறுக்கே திரும்பி, இரண்டும் சேர்ந்து உருண்டு பள்ளத்தில் போய் விழுந்தன. எதிரே யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். தையல் மிஷின் முட்டையின் பின்சுவரைப் பிய்த்துக்கொண்டு சாலையில் கிடந்தது. கார் உருண்டபோது ஓதெத்துக்குத் தலையில் அடி. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

விசாரித்தவர்கள் சாமான் கிடந்த இடத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள்: பாரம் பின்னால் இருந்திருக்கிறது, சின்னக் கார் உட்காராமல் இருக்க இப்படிச் செய்வார்கள், வருடத்துக்கு நாலைந்து பார்க்கிறோம். யார் ஏற்றியது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் ஈவோன், அவள்தான் ஏற்றினாள், பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன் என்றான். பொய் சொல்லவில்லை, அவன் பார்த்ததைச் சொன்னான். மரியெத் மட்டும், நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று அழுதாள். புதிதாகக் கற்றவர்கள் பதற்றத்தில் மறந்துவிடுவார்கள் என்று நான்தான் அவளைத் தேற்றினேன். மரியெத் அதற்குப் பிறகு ட்ரெய்லரைத் தொடவில்லை. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது முகாமுக்கு நான் ஒரு நாள் மட்டும் போய் வருகிறேன், பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு. புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து எடை மிஷினைக் காட்டிப் பாடம் எடுக்கிறேன். கார் மட்டமாக நிற்கிறதே என்று மயங்காதீர்கள், என் மனைவி செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்வேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போது எண்ணையும் சொல்லிக்கொடுக்கிறேன். நூறுக்குக் குறையக் கூடாது என்று.

முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது, நொயெமி? எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். போலீஸைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் இந்த மூன்று வருடத்தையும் நீங்கள் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போன இளவேனிலில் நகராட்சியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொடுப்பது. உங்கள் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அவளுக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. சூப்பை நானே ஆற வைத்து, நானே ஊட்டுகிறேன். ஒன்றாம் தேதி தவறாமல் முடி வெட்டிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்துப் பேசாமல் இருந்தது இந்த மூன்று வருடம்தான்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுத வேண்டும். வால் கொஞ்சம் ஆடும், பயந்துபோவாள், சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்வாள் என்றுதான் நினைத்தேன். ரொசேர், என்னால் முடியல, நீ வா என்று சொல்வாள். நான் என் பழைய வேனை எடுத்துக்கொண்டு போய், பாரத்தை முன்னால் நகர்த்தி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்க மாட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு போன்தான். கூரையில் தட்டிவிட்டு உள்ளே வந்து, மதியம் போலீஸ் கதவைத் தட்டுகிறவரைக்கும் இதே மேசையில் அதற்காகத்தான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வந்து உட்கார்ந்தபோது முட்டை இன்னும் தெருமுனையில், திரும்புவதற்கு விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது, இந்த ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. மேசைமேல் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று அவள் மறந்து வைத்துவிட்டுப் போனது.